நான்காவது கால்வாய்

நாக்கு பெண்பால்.
பல் ஆண்பால்.
ஈறு இரண்டும் இல்லை.
நாற்பத்து நான்கு வயதில்
வாய்க்குள் வசிப்பவர்களை எனக்கு
மறுபடி அறிமுகம் செய்துவைக்கிறார்கள்
செவ்வாய், வியாழன்
மாலை ஆறிலிருந்து எட்டேகால் வரை.

கியூம்ரியில் என் பெயர்ப்பலகையை
இன்னும் கழற்றவில்லை என்கிறான் தம்பி.
பித்தளைப் பலகை, நான்கு திருகாணி.
அங்கே வாடகைக்கு வந்திருக்கும் மூக்குக்கண்ணாடிக்காரர்
அதற்குக் கீழேயே தன் பலகையை மாட்டிக்கொண்டாராம்.
மரியாதையா சோம்பலா, தெரியவில்லை.

இங்கே பிரேமர்ஹாஃபனில்
என் மேலங்கியில் முதற்பெயர் மட்டும்:
சிரானுஷ்.
அதற்கு முன்னால் வரவேண்டிய சொல்
ரயிலில் முக்கால் மணி நேரத் தொலைவில்
யாரோ ஒருவரின் மேசையில் கிடக்கிறது.
மூன்றாம் ஆண்டுச் செய்முறை வகுப்புகளில்
நாற்பது மணி நேரம் குறைகிறதாம்.
பழைய பாடத்திட்டத்தைக் கொண்டுவா என்கிறது கடிதம்.
அதைத் தட்டச்சு செய்த அம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.
கையெழுத்துப் போட்டவர் மாஸ்கோவில் டாக்ஸி ஓட்டுகிறார்.
நாற்பது மணி நேரத்தை நான் எங்கே போய்த் தேட?
அன்று நான் செதுக்கிய மெழுகுப் பல்
என் மகனின் பென்சில் டப்பாவில் இருக்கிறது,
அதை அனுப்பட்டுமா?

அதுவரை உறிஞ்சுகுழாய் பிடிக்கிறேன்.

டாக்டர் வீப்கே டீரிக்ஸுக்கு இருபத்தொன்பது வயது.
கெட்டவள் இல்லை.
சொல்வதை எனக்காக இரண்டு முறை சொல்வாள்,
இரண்டாம் முறை கொஞ்சம் சத்தமாக.
அன்று நாற்காலியில் கிரேன் ஓட்டி ஓய்ந்த ஒரு கிழவர்.
மேல்வரிசை, இடப்பக்கம், இரண்டு ஆறு.
பல்லின் எண் மட்டும்
இரண்டு ஊரிலும் ஒன்றுதான்,
முத்திரையிட்ட மொழிபெயர்ப்பு கேட்காமல்
எல்லை தாண்டி வந்த ஒரே சரக்கு.

மூன்று கால்வாய்களைத் திறந்துவிட்டாள்.
கழுவினாள், உலர்த்தினாள்.
அடைக்கும் பசைக்குக் கை நீட்டினாள்.

நான்காவது அங்கே இருந்தது.
முதலாவதின் தோளுக்குப் பின்னால் ஒளிந்து,
மயிரிழைக் கோடாக.
இருட்டில் சாவித்துவாரம் தெரிவதுபோல
என் கைக்குத் தெரிந்தது.

சொல்லலாம்.
என்ன சொல்வது?
துளை ஆண்பாலா?
'மன்னிக்கவும், தவறவிட்டீர்கள்' என்பதில்
வினைச்சொல் எங்கே போய் உட்காரும்?
சரியாக அமைத்து முடிப்பதற்குள்
பசை இறுகிவிடும்.
அதோடு, உறிஞ்சுகுழாய் பேசுமா?

குழாயின் நுனியை அந்த இடத்துக்கு நகர்த்தினேன்.
ஈரம் எதுவும் இல்லை அங்கே.
எடுக்கவில்லை.
ஒரு மூச்சு.
இன்னொரு மூச்சு.

அவள் கண் என் கையைப் பார்த்தது.
பிறகு நுனியை.
பிறகு, விளக்கை இழுத்துக் குனிந்து,
மெல்லிய ஊசியால் தடவினாள்.
ஊசி இறங்கியது.

ஒன்றும் பேசவில்லை.
கையுறையைக் கழற்றும்போது மட்டும் கேட்டாள்:
'எத்தனை வருஷம்?'

இந்த மொழியில் ஒன்றாம் தானம் முன்னே வரும்,
இருபது பின்னே.
'ஒன்று' என்று தொடங்கித்
தொண்டை அடைத்து நின்றேன்.
அந்த இடைவெளியில் அவளுக்கு நான்
ஓராண்டு அனுபவக்காரி.
அவள் தலையாட்டியும்விட்டாள்.
'-ம் இருபதும்' என்று முடித்தபோது
ஆட்டிய தலை பாதியில் நின்றது.

மறுநாள் ஒரு எக்ஸ்ரே படத்தைத் திரையில் போட்டுத்
திரையை என் பக்கம் கொஞ்சம் திருப்பிவிட்டு
ஆப்பிள் தின்னப் போய்விட்டாள்.
கேள்வி என்றும் சொல்ல முடியாது,
உத்தரவு என்றும் சொல்ல முடியாது.
பார்த்தேன். யாரும் பார்க்காதபோது
மறுபடி பார்த்தேன்.

கிழவரைச் சொல்ல மறந்தேனே.
மரத்த வாயோடு டாக்டரின் கையைக் குலுக்கினார்.
கோட்டை மாட்டிக்கொண்டு என்னிடம் வந்து
'உங்கள் குழாய் என் உதட்டை இடித்தது,
கவனமாகப் பிடிக்கப் பழகுங்கள்' என்றார்.

'மன்னிக்கவும்' என்றேன்.
அந்த ஒரு சொல்லில்
எனக்கு உச்சரிப்புப் பிழையே வருவதில்லை.