தெத்துப்பல்

வெய் யின்ஹுவா நடித்த ஒரு படத்தையும்
நான் முழுசாய்ப் பார்த்ததில்லை.
அவள் வாய் மட்டும் தெரியும்,
பல் வைத்தியருக்குத் தெரிகிற மாதிரி.

செவ்வாய்ப்பேட்டையில், கொலுசுப் பட்டறைகள் தட்டுகிற சந்தில்
மாடியில் இருந்தது சீனா பல் ஆஸ்பத்திரி.
எழுபத்தொன்றில் வேலைக்குச் சேர்ந்தேன்.
டாக்டர் பேர் மா.
மாம்பழ ஊரில் மா டாக்டர் என்று சிரிப்பார்கள்.
எங்கள் பக்கம் மா என்றால் குதிரை என்பார் அவர்.
சங்கப் பாட்டிலும் குதிரைதான் என்று
கடைவாயில் பஞ்சோடு குழறிவிட்டுப் போனார்
ஒரு தமிழய்யா.
செங்கமலம் என்கிற என் பேர்
டாக்டர் வாயில் நாலு துண்டாகும்:
செங். கா. மா. லம்.
நானும் ஒரு சீனத்தி ஆவேன்.

நாற்காலிக்கு நேரெதிரே காலண்டர்,
வருஷம் முடிந்து முப்பது வருஷமாகியும் கழற்றாதது.
வலியில் வாய் திறந்தவர்கள் எல்லாரும்
அவளைப் பார்த்துத்தான் திறந்தார்கள்.
விசிறியை அப்போதுதான் இறக்கிச் சிரித்த முகம்.
மேல் வரிசை, இடப்பக்கம்,
கோரைப்பல் ஒன்று
அடுத்த பல்லின் தோளில் ஏறி நிற்கும்.

படகுக்காரன் மகளாம்.
பதினாறு வயதில் ஷாங்காய் ஸ்டுடியோவில்
அழுகிற கூட்டத்தில் ஒருத்தி.
ஊமைப்படக் காலம்.
பல்லைப் பிடுங்கு, இல்லை வாயை மூடு என்றார் முதலாளி.
மூடினாள்.
ஒன்பது படம் விசிறிக்குப் பின்னால்
கண்ணைக் கொண்டே பிழைத்தாள்.
பேசும்படம் வந்தது.
விசிறி குரலை அமுக்குகிறது என்றான் ஒலிப்பதிவுக்காரன்.
கீழே வைத்தாள்.
ஊருக்குக் கிறுக்குப் பிடித்தது.
நேரான பல்லின் மேல்
கோணல் பல் ஒன்று பொருத்தித் தரச்சொல்லி
பெண்கள் வரிசையில் நின்றார்களாம்.
"எங்க அப்பா அதில ஒரு வீடே கட்டினார்."
இதைச் சொல்லும்போது
ஊசியில் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்.

பிறகு யுத்தம். பிறகு இன்னொன்று.
பிறகு அவள் படச்சுருளை
அவளையே எரிக்கச் சொன்ன ஒரு காலம்.
ஸ்டுடியோ வாசல் பெருக்குகிறாள் என்றது ஒரு கடிதம்.
டிக்கெட் கிழிக்கிறாள் என்றது இன்னொன்று.
ஹாங்காங் சுற்றி வரும் கடிதங்கள்,
எட்டு மாசம் ஊசிப்போனவை.

அறுபத்திரண்டில் இன்ஸ்பெக்டர் வந்தாராம்;
டாக்டர் சம்சாரம் சொன்னது.
யார் இது?
நடிகை.
எந்தக் கட்சி?
சிரிப்பு நடிகை, என்றாராம் டாக்டர்,
வேறு வார்த்தை அகப்படாமல்.
சுவர்ப்பக்கம் திருப்பு என்று உத்தரவு.
பத்து மாசம்
வெறும் அட்டையைப் பார்த்து வாய் திறந்தது சேலம்.
பிறகு அதே இன்ஸ்பெக்டர்
தாடை வீங்கி வந்தார்.
நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு,
"அதைத் திருப்பி மாட்டும்யா" என்றார்.

ஆள் வராத மத்தியானங்களில்
காலண்டரைப் பார்த்துப் பார்த்து
அவள் பல்வரிசையை பிளாஸ்டரில் வார்த்தார் டாக்டர்.
மேல், இடது, மூன்று என்று
பென்சிலில் எழுதினது நான்.
அவள் செத்த சேதி வந்த அன்றும்
ஆஸ்பத்திரி திறந்தே இருந்தது.
ஏழு பிடுங்கல், இரண்டு செட்டு.

இப்போது அந்த பிளாஸ்டர்
அஸ்தம்பட்டியில், என் ஃபிரிட்ஜ் தலைமேல்.
போன வாரம் மேல்வீட்டுப் பையன்
செல்போனில் தேடி எடுத்தான்.
இருபத்திரண்டு நொடி.
மழை மழையாய்க் கீறல்.
விசிறி இறங்குகிறது, சிரிக்கிறாள்,
பல் வலப்பக்கம்.

ஒன்பது தடவை ஓட்டச் சொன்னேன்.
காலண்டர் அச்சில் புரண்டதா?
வீடியோவை யாராவது திருப்பிப் போட்டார்களா?
சீனத்துச் சட்டைக்கு வலப்பக்கம்தான் பொத்தான்,
அதைப் பார்த்தால் தெரிந்துவிடும்.
இறங்கின விசிறி
சரியாக அங்கே வந்து நிற்கிறது.

பையன் போனபின்
பிளாஸ்டரைக் கண்ணாடிமுன் பிடித்தேன்.
கண்ணாடிக்குள் பல் வலப்பக்கம் போய்விடுகிறது, சரி.
பக்கத்தில் நானும் இருக்கிறேன்,
செட்டைக் கழற்றிவைத்த வாயோடு.