பெரிய டாம்

இஸாஃப்யோர்துர். மீன் கிடங்கின் பின்னறை.
ஸ்டெய்னுன் பழைய தோலைக் கழற்றி
விளிம்பெங்கும் விரலோட்டிக் கீறல் தேடினாள்.
தோல் என்பது பேச்சுக்கு; பிளாஸ்டிக்தான்.

எட்டுத் திருகு. முதலில் வெறும் கையால்,
பிறகு சாவி. இங்கே அரைச் சுற்று,
நேர் எதிரே அரைச் சுற்று,
பக்கத்துத் திருகைத் தொடவே மாட்டாள்.
நடுவில் உள்ளங்கையை ஊன்றி அழுத்தினாள்.
புதுத் தோல் நெறுநெறுத்தது.
"பயப்படாதே, பசை விடுகிறது."
நான் எங்கே பயந்தேன்?
பேஸ் கிதாரை மடியில் போட்டு
மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு திருகருகிலும் ஓரங்குலம் உள்ளே தட்டி
"நாலாவது கொஞ்சம் ஏறி நிற்கிறது" என்றாள்.
எனக்கு எட்டும் ஒன்றுதான்.

இறக்கிக்கொண்டே வந்தவள்
ஓரிடத்தில் நிறுத்தினாள்.
அடித்தால் அறையே ஆமாம் போட்டது.

சனிக்கிழமை, துறைமுகக் கூடம்.
முதல் பாட்டிலேயே டாம்
ஈரச் சாக்கு விழுந்த மாதிரி
சப்பென்றது.
அவள் என்னைப் பார்த்தாள்.
இருவருக்கும் ஒன்றாகவே உறைத்தது:
கிடங்குச் சுவருக்கு அந்தப் பக்கம்
பத்து டன் காட் மீனுக்குக் காவலாய்
இரவெல்லாம் முனகும் குளிர்பதன இயந்திரம்.
அதோடுதான் சுருதி சேர்த்திருக்கிறோம்.

சாவியோ கிடங்கில், அவள் கையுறைக்குள்.
தோர்கெய்ர் ஒன்றும் தெரியாமல்
வாத்து ஜோக் சொல்லிக் கூட்டத்தைப் பிடித்துவைத்தான்.
இழுவைப் படகுக்காரர் ஒருவர் இடுக்கி நீட்டினார்.

கால் சுற்று. எதிரே கால் சுற்று.
தட்டினாள். நிமிர்ந்தாள்.

"ஐந்தாவது இன்னும் தாழ்வு"
என்றது
என் வாய்தான்.