லாடக்காரி பெடல் வாங்குகிறாள்

வெள்ளிக்குள் சொல் என்றான் யோலோ.
அவன் கடைக் கண்ணாடிக்கு வெளியே
கோரிஸ் முழுவதும் மழை.
பலகைக்கல் கூரைகள் எல்லாம்
நனைந்த கழுதையின் நிறம்.

மேசைமேல் இரண்டு ஜோடி.
ஒன்று தட்டை: உள்ளங்கை அகலம்,
ஓரமெல்லாம் கூர்முனைத் திருகாணிகள்.
இன்னொன்று கிளிப்லெஸ்.
கிளிப் இல்லாதது என்று பெயர்,
கவ்வுவது அதுதான்.
பெயர் வைத்தவனைக் கண்டால்
இரண்டு கேள்வி கேட்க வேண்டும்.

நான் குதிரைக்கு லாடம் அடிப்பவள்.
பத்தொன்பது வருடம்
பிறர் பாதத்தைத் தொடையிடுக்கில் வைத்துப் பிழைத்தவள்.
உன் பாதத்துக்கு என்ன வேண்டும் என்று
ஒருவரும் கேட்டதில்லை, இன்றுவரை.

தட்டைதான் தெரியும் எனக்கு.
வேர்கள் குறுக்கோடும் இறக்கத்தில்
சைக்கிள் துள்ளும், பாதம் தனியே துள்ளும்,
இரண்டும் சேர்ந்து இறங்கினால் அதிர்ஷ்டம்.
இறங்காத நாட்களின் கணக்கு
வலது கணைக்காலில் இருக்கிறது:
இரண்டு பகடையில் விழுந்த பதினொன்று.

கெத்தின் கவ்வுகிற கட்சி.
அவன் அக்கா மானோனுடைய ஷூவும் பெடலும்
மூன்று வாரம் இரவல் வாங்கித் தந்தான்.
ஷூவின் அடியில் இரும்புத் துண்டு.
நடந்தால் டக், டக்.
கடைசியில் எனக்கே லாடம்.

முதல் நாள். ஆட்டுக்கேட்.
நிறுத்தினேன். கால் வரவில்லை.
குதிகாலை வெளியே திருக வேண்டும்,
தெரியும்.
தலைக்குத் தெரிந்தது
கணுக்காலுக்குத் தபாலாகப் போய்ச் சேர்வதற்குள்
அறுத்த மரம்போல் மெல்ல,
மிக மெல்ல,
சேற்றில்.
ஏழு ஆடுகள். ஒன்றுகூட முகம் திருப்பிக்கொள்ளவில்லை.

மூன்றாம் வாரம் வேறு.
அதே வேர்கள், அதே இறக்கம்,
பாதம் பிரியவே இல்லை.
ஏற்றத்தில் மிதிக்கவும் முடிந்தது, இழுக்கவும் முடிந்தது.
சைக்கிள் எனக்கு அடியில் இல்லை,
என்னோடு இருந்தது.
இதை யோலோவிடம் சொல்லவில்லை.
விலையை ஏற்றிவிடுவான்.

வியாழன் மாலை கெத்தின் விழுந்தான்.
பழைய சுரங்கத்தின் கழிவுமேட்டு விளிம்பு.
சில்லுகள் தட்டுத்தட்டாய்ச் சரிய,
சைக்கிள் மேலே, அவன் கீழே,
ஒரு கால் விடுபட்டு
ஒரு கால் கவ்விய கவ்வில்.
விடு, விடு என்று கத்துகிறான்
ஸ்பிரிங்கிடம்.
அதற்கு வெல்ஷும் தெரியாது.

சறுக்கி இறங்கினேன்.
அவன் குதிகாலை இரு கையாலும் பற்றி
என் தொடைகளுக்கு நடுவே கொண்டுவந்தேன்,
பழக்கதோஷம்.
ஓ, ஓ, மெல்ல, என்றேன்,
குதிரைகளிடம் சொல்லும் அதே குரலில்.
அடங்கினான்.
திருகினேன்.
டிக்.

இரவே பெடலைக் கழற்றிவிட்டான்.
போதும், இனி தட்டை, என்றான்,
வீங்கிய முழங்காலில்
உறைந்த பட்டாணிப் பொட்டலம்.
நீயும் புத்தியாய் யோலோகிட்ட
அந்தத் தட்டையையே...

என் கையில் அவன் பெடல்.
ஸ்பிரிங் திருகாணியைப் பார்த்தேன்.
கடைசிவரை இறுக்கி வைத்திருக்கிறான்.
ஆணியை ஆழமாய் அடித்துவிட்டுக்
குதிரையைத் திட்டுகிறவர்களை
நிறையப் பார்த்திருக்கிறேன்.

என்ன விலை, என்றேன்.
அவன் என்னைப் பார்த்த பார்வையை
எழுத மாட்டேன்.

இப்போது என் கொட்டகை. இன்னும் விடியவில்லை.
இடது பெடலுக்கு மரை தலைகீழ்,
மற்றதெல்லாம் இறுகும் பக்கம் திருப்பினால்
இது கழலும்.
இரண்டு முறை மறந்தேன்.
ஸ்பிரிங்கை நாலு கிளிக் தளர்த்தினேன்.
இன்னும் ஒன்று.
மானோன் ஷூவைத் திருப்பிக் கேட்கவில்லை, இதுவரை.
பழைய தட்டையை எறியவில்லை,
லாட ஆணிப் பெட்டியில் கிடக்கிறது.
ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று
யாராவது சொன்னால் சொல்லட்டும்.
மழை பெய்தால் கோரிஸில்
ஆறு எது, சேறு எது?

கேட் தெரிகிறது.
அதே ஏழு ஆடுகள்.
குதிகால் இப்போதே
யோசிக்க ஆரம்பித்துவிட்டது.