ஒரு வினைச்சொல்லின் வால்

நான்காம் ஆண்டு, பி பிரிவு. இருபத்தெட்டுப் பேர்.
ஜெராக்ஸ் இயந்திரத்தில் மை தீர்ந்துகொண்டிருந்ததால்
கடைசி வரிசைக்குக் கிடைத்த மலை
வெளிறிப்போயிருந்தது.

துத்தாராஹு. ஜன்னலுக்கு வெளியே நிற்கிறதே, அதுதான்.
அதன் உச்சியை முதலில் மிதித்தது யார்?
மூன்று சாட்சிகள். ஒரே கயிறு.

முதல் தாள், ரெத்தோ ட்சும்புரூனின் நாட்குறிப்பு:
"பத்து நாற்பது. உச்சியில் நான்.
இலை அசையாத அமைதி, இலை இருந்திருந்தால்.
துடைத்து வைத்த வானம்."

இரண்டாவது, கூட்டாளி அல்வின் மனைவிக்கு எழுதியது:
"நண்பகல் தாண்டியிருக்கும். ஒரே மூடுபனி.
என் கையுறையே எனக்குத் தெரியவில்லை.
யாரோ கத்தினார்கள். ரெத்தோ என்றுதான் நினைக்கிறேன்."

மூன்றாவது, சுமைதூக்கி எமித்தேரியோ கொச்சாச்சின்.
அவர் எழுதவில்லை. இருபது வருடம் கழித்து
ஒரு வானொலிக்காரர் நாடாவில் பிடித்தார், கெச்சுவாவில்.
தட்டச்சில் அது ஸ்பானியமாகி வந்தது:
"ரெத்தோ ஐயா முதலில் ஏறினார். நாங்கள் பின்னால்."

கரும்பலகையில் கட்டம் போட்டேன்.
நேரம். வானிலை. முதல் கால்.
பிள்ளைகள் நன்றாகவே துப்பறிந்தார்கள்.
ஒரே உச்சிக்கு எப்படி இரண்டு வானிலை, என்றான் வில்மர்.
பதினோரு நாளும் கையெழுத்து நடுங்கவே இல்லையே,
விரல் விறைக்காதா, என்றாள் ரோஸ்மெரி.
இதை ஊருக்குப் போய், கணப்புப் பக்கத்தில்
எழுதியிருக்கிறார்.

விடைக்குறிப்பு என் மேசை இழுப்பறையில்:
இருவர் ஒத்துப்போகிறார்கள். ஆகவே ரெத்தோ.

நேரம் மிச்சமிருந்தது. நாடாவை ஓடவிட்டேன்.
எனக்கு அந்த மொழி வராது.
நான் கடற்கரைக்காரி, த்ருஹில்யோவில் வளர்ந்தவள்,
சந்தையில் உருளைக்கிழங்கு விலை கேட்பேன், அவ்வளவுதான்.
கரகரப்பு. இருமல். குறுக்கே ஒரு சேவல்.

மேல் குடியிருப்பிலிருந்து வரும் ஹெர்லிந்தா,
மார்ச்சிலிருந்து ஒருமுறையும் கை தூக்காதவள்,
"திரும்பப் போடுங்க மிஸ்" என்றாள்.
போட்டேன்.
இன்னொரு முறை.
போட்டேன்.

"அவர் ஏறினார்னு சொல்லல.
ஏறினாராம்."

வகுப்பில் பாதி சிரித்தது.
அந்த மொழியில் வீட்டில் திட்டு வாங்குகிற பாதி
சிரிக்கவில்லை.

கண்ணால் கண்டதற்கு ஒரு வால்: மி.
காதால் கேட்டதற்கு ஒரு வால்: ஷி.
வாலில்லாமல் பேசினால் அம்மா கேட்பாளாம்,
நீ பார்த்தியா, எவனாவது சொன்னானா?

பனியில் படி வெட்டினேன், மி.
அறுபத்திரண்டு படி, மி.
காற்று என் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போனது, மி.
ரெத்தோ ஐயா முதலில் ஏறினார்,
ஷி.

தட்டச்சுக்காரருக்கு வால் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் ஸ்பானியத்தில்
அதை ஒட்டவைக்க இடம் கிடைத்திருக்காது.

ஒரே கயிற்றில் இருந்தவர் எப்படிப் பார்க்காமல் போனார்?
பின்னால், மூடுபனிக்குள் நின்றாரோ.
முன்னால் நின்று
முதுகைக் காட்டிக்கொண்டிருந்தாரோ.
"இல்லாட்டி" என்றான் வில்மர், குரலைத் தாழ்த்தி,
"இப்படிச் சொல்லுன்னு யாராவது சொல்லிக்குடுத்தாங்களோ."
ஹெர்லிந்தா தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா இல்லை என்றா, தெரியவில்லை.
"அவர் குரல்ல கொஞ்சம் சிரிப்பு இருக்கு மிஸ்."

முதல் கால் என்ற பத்தியை அழிக்கப் போனேன்.
அழிக்காமல் பக்கத்தில் இன்னொரு கோடு இழுத்தேன்.
தலைப்பு தோன்றவில்லை.
ரோஸ்மெரி வந்து சாக்பீஸை வாங்கி எழுதினாள்:
வால்.

ஐந்து வருடமாக இந்த மலையை நடத்துகிறேன்.
ஏறியதில்லை. நாடாவை முழுதாகக் கேட்டதுமில்லை.
எனக்கு யாரோ சொன்ன ஷிகளை எல்லாம்
மி போட்டு
நடத்தியிருக்கிறேன்.

மணி அடித்தது. ஜன்னல் பக்கம் திரும்பினேன்.
காலையிலிருந்தே மேகம். துத்தாராஹுவைக் காணவில்லை.
கடைசி வரிசைப் பையன் ஒருவன்
வெளிறிய தாளை மடித்துப் பைக்குள் திணித்தபடி
என்னைத் தாண்டிப் போனான்.

"இருக்காம், மிஸ்."