திங்கட்கிழமை, பதினாலாம் பக்கம்

ஐந்தரைக்குக் கட்டு வந்து விழும்.
கயிற்றை அறுத்து முதல் தாளை நான் எடுப்பேன்,
மை இன்னும் விரலில் ஒட்டும்.
ட்ராம் நிறுத்தத்துக்கு எதிரே என் பெட்டிக்கடை:
பீர், சிகரெட், அதிமதுர மிட்டாய், பயணச்சீட்டு,
திங்கட்கிழமை மட்டும் கூடுதலாக வசவு.

சனிக்கிழமை ஷ்வார்ஸ்பாஹ் தோற்றது, மூன்றுக்குச் சுழி.
தோற்றது பழைய சேதி.
லீசெகாங் அதை எழுதியிருக்கும் விதம்தான் புதுசு.

"பாருங்கள், கோல்கீப்பருக்கு ஐந்து போட்டிருக்கிறான்!"
மருத்துவமனையில் இரவுப்பணி முடித்து
கண் சிவக்க வந்து நிற்கிறாள் செவிம்.
இந்த ஊர்ப் பள்ளிக்கூடக் கணக்கு தலைகீழ்:
ஒன்று என்றால் முதல் வகுப்பு, ஆறு என்றால் பெயில்.
"இரண்டு பேர் காலில் பட்டுத் திரும்பிய பந்து அது.
கடவுளே நின்றிருந்தாலும் உள்ளே போயிருக்கும்.
கடவுளுக்கு என்ன போடுவான், நாலரையா?"

கஸ்மிர்ஷாக் வேறு கட்சி.
கொதிகலன் பழுதுபார்க்கிறவன், பேச்சிலும் ஆவி பறக்கும்.
"திட்டினால் போகட்டும்.
போன வாரம் கிளப் தலைவரைப் புகழ்ந்தானே,
அதுதான் எனக்கு ஆறவில்லை.
ஒரு தட்டு வறுத்த இறைச்சி,
உடனே பேனா வாலாட்டுகிறது."
உப்பிட்டவரை மறக்காத உத்தமன் என்கிறான்.
ஆனாலும் இருவரும் தாளை வாங்காமல் போனதில்லை,
பத்து வருஷத்தில் ஒரு திங்கள்கூட.

யெண்டிரிக் பத்தியை முழுக்கப் படிக்கிறவன் இல்லை.
பதினாறு வயது, முதுகில் பள்ளிப் பை.
அண்ணன் பெயர் வருகிறதா என்று மட்டும் தேடுவான்.
இடதுபுறத் தடுப்பாட்டக்காரன்,
எழுபதாம் நிமிஷம் வெளியே அழைக்கப்பட்டவன்.
இன்றைக்கு வந்திருக்கிறது, ஒரே வரி:
'இவர் ஆடினார் என்பதற்குச் சட்டை எண் மட்டுமே சாட்சி.'
பையன் தாளை மடித்தான்,
நாலாக, எட்டாக,
இனி மடிக்க வராது என்னும் வரை.

காபி மேசை ஓரத்தில் சாம்பல் தொப்பிக்காரர்.
ஏழு பத்துக்கு வருவார், எல்லாம் கேட்பார், போவார்.
பத்தியோடு வரும் படத்துக்கு வயது பத்தொன்பது,
அதில் அவருக்கு அடர்ந்த முடி, மீசை.
கார்டு மெஷின் வாங்கிய வருஷம்
ரசீதில் பெயர் விழுந்தது: ஹா. லீசெகாங்.
நான் நிமிர்ந்தேன். அவர் குனிந்துகொண்டார்.
அதற்குப் பிறகு சில்லறையாகவே தருகிறார்.

"நீங்களே சொல்லுங்கள் ஐயா" என்று
கஸ்மிர்ஷாக் ஒருமுறை அவரையே இழுத்தான்.
"தலைப்பு மோசம்" என்றார்.
ஆமாம் ஆமாம் என்று எல்லோரும் சேர்ந்து சிரித்தோம்.

இன்று அவர் கண் பையனின் கையில் இருந்தது,
கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கிவிட்ட தன் எழுத்தின்மேல்.
காபியை அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த திங்கள். சனிக்கிழமை மழையில் ஒன்றுக்கு ஒன்று.
அண்ணனுக்கு மூன்று!
'கோட்டின்மேல் நின்று தலையால் தடுத்தாரே,
அந்தப் பந்துதான் ஒரு புள்ளியைக் காப்பாற்றியது.'
"ஒரு நாளாவது கண்ணைத் திறந்து பார்த்திருக்கிறான்" என்றாள் செவிம்.
"மூன்றா? நாலே தாராளம்" என்றான் கஸ்மிர்ஷாக்.
பையன் மெதுவாகச் சொன்னான்:
"அது அண்ணன் இல்லை.
தலை கொடுத்தது பன்னிரண்டாம் எண்.
இரண்டு பேர் சட்டையும் சேறு."

கடையே கொண்டாடியது.
இரக்கப்பட்டு எழுதினாலும் பிசகுகிறான்,
எந்த அறையில் ஹீட்டர் போட்டுக்கொண்டு பார்த்தானோ,
கண்ணாடிக்கு வைப்பர் உண்டா இல்லையா!

தொப்பிக்குக் கீழே காது சிவந்திருந்தது.
"இதற்கு என்ன மதிப்பெண் போடலாம், தம்பி?
ஆறா?" என்றார்.

யெண்டிரிக் கொஞ்சம் யோசித்தான்.
"ஐந்து" என்றான்.
"அண்ணன் அதை வெட்டி
பர்ஸில் வைத்திருக்கிறான்."