பிஸ்கற் பேணிக்குள் கிடந்த பில்லுகள்

நீர் வாங்கிய படங்களின் பில்லுகளை
இன்று வெயிலில் பரப்பினேன்.
கறையான் வருஷ வரிசை பார்த்துத் தின்பதில்லை.
மிச்சத்தை நான்தான் அடுக்கினேன்.

முதலாவது பில்லே இல்லை, கிழித்த கொப்பி ஒற்றை.
மல்லாவி, தொண்ணூற்றெட்டு மாசி.
ஒன்பது கசெற்.
டெக் இல்லை. ரீவி இல்லை. லக்சபானா எப்போதோ போய்விட்டது.
ஓலைக் கொட்டிலுக்குள் ஒன்பது படம் வைத்திருந்த மனிசன்
அந்தப் பகுதியிலேயே நீர் ஒருவர்தான்.
அப்போது நடிகரின் முகத்தைப் பார்த்து வாங்குவீர்.
மீசை இருந்தால் சரி.
உறையின் பின்பக்கத்து ஆறு சின்னப் படங்களை வைத்து
முழுக்கதையும் எனக்குச் சொன்னீர்.
பின்னாளில் அதில் ஒன்றை உண்மையாகவே பார்த்தோம்.
உமது கதை திறம்.

பாதை திறக்க, தட்டுகள் வந்தன.
கிளிநொச்சியில் சிவலோகநாதனின் கடை,
ஒரு ஜெனரேற்றர், மூன்று மேசை, முழுக்கப் புகை.
அந்த ஒரு வருஷத்துப் பில்லே ஒரு சாண் உயரம்.
ஒன்றுக்குள் மூன்று படம், ஒன்றுக்குள் ஐந்து.
மலிவு என்றால் மீசையும் தேவையில்லை உமக்கு.
கச்சான் விற்ற காசு அங்கேதான் போனது.
எல்லாம் தியேட்டரில் ஒளித்து எடுத்தவை;
நாயகி அழத் தொடங்க
ஒரு தலை எழும்பிப் போகும்.
அதற்குத் துரைசிங்கம் அண்ணை என்று பேர் வைத்தீர்.
எந்தப் படத்திலும் துரைசிங்கம் அண்ணைக்கு இருப்புக்கொள்ளாது.

பிறகு ஒறிஜினல்தான் வேணும் என்று நின்றீர்.
பத்துக்குப் பதிலாக ஒன்று.
விளிம்பில் பிடிப்பீர், நகம் படாமல்.
என்னைத் தொட விடவில்லை.

இரண்டாயிரத்து எட்டு ஐப்பசிக்குப் பிறகு பில் இல்லை.
படப் பெட்டிக்குள் மா கொண்டு போனோம்.
படங்கள் உரப்பையில், பாலை மரத்தடியில்.

திரும்பி வந்து தோண்டினால்
கசெற்றுக்குள் வேர் ஓடியிருந்தது.
தட்டுகளைக் கச்சான் தோட்டத்தில் கட்டினோம்.
மயில் ஒரு கிழமை பயந்தது.

அதிலிருந்து புதுப்படம் எதுவும் பில்லில் இல்லை.
இருந்ததையே திருப்பி வாங்கினீர்,
வவுனியாவில், யாழ்ப்பாணத்தில், ஒருமுறை கொழும்பில்.
நல்ல கொப்பி கிடைத்தால் முகம் வாடிவிடும்.
எங்களுடையது கிணற்றடிச் சண்டையில் மூன்று தரம் இறுகும்,
இது சும்மா ஓடிப் போகுது என்றீர்.
யாரும் எழும்பிப் போகவுமில்லை.

இப்போது மகள் நோர்வேயிலிருந்து மாதக்காசு கட்டுகிறாள்.
விரலால் தள்ளத் தள்ளப் படம் முடிகிறதில்லை.
பதினொரு மணிமட்டும் உறைகளைப் பார்க்கிறீர்,
பிறகு நித்திரை.
ஒன்றைக் காட்டிக் கதை சொல்லும் என்று கேட்டேன்.
பார்த்தால் தெரியும்தானே என்றீர்.

ஒரு பெயர் மட்டும் மூன்று பில்லில் இருக்கிறது.
கசெற்றாக, சீடியாக, டிவிடியாக.
மூன்றும் பிரிக்காமல் அலுமாரியில்.
அந்த ஒன்பதில் ஏழாவது.
இடம்பெயர்வில் தவறிப்போனது என்று
வருகிற ஆக்களுக்கெல்லாம் சொல்வீர்.

தவறவில்லை.
தொண்ணூற்றொன்பது மார்கழி, நீர் மாங்குளத்துக்குப் போயிருந்தீர்.
நாகமணியின் பெண்சாதி
அரைப் போத்தல் மண்ணெண்ணெய் தந்து கொண்டுபோனா.
பிள்ளைக்கு மூச்சு இழுத்தது, விடியுமட்டும் லாம்பு எரிய வேணும்.
அவவிடமும் டெக் இல்லை.
நாடாவை உருவி வயலுக்குக் குறுக்கே கட்டினா, கிளிக்கு.
காற்றடிக்க அது ஊதும்.
நீர் அந்த வரம்பால்தான்
அறுவடைமட்டும் சைக்கிள் உருட்டிப் போய்வந்தீர்,
என்ன சத்தம் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

அதற்கு ஆரும் பில் எழுதவில்லை.
இந்த ஒற்றையில் எழுதிப் பேணிக்குள் வைக்கிறேன்.
நாலாவது தரம் வாங்க முன்னம்
எடுத்து வாசியும்.

வாசிக்கமாட்டீர்.
கணக்குப் பார்க்கிற பழக்கம் உமக்கு
ஒருகாலமும் இருந்ததில்லை.