கட்டளை அல்ல

பெருங்குடியில், குப்பைமேட்டுப் புகை எட்டாத
ஒன்பதாவது மாடியில் எனக்கு வேலை.
அடுத்த தீபாவளிக்கு வரப்போகும் டிவிக்குத்
தமிழ் கேட்கச் சொல்லித்தருகிறோம்.
ரிமோட்டே கிடையாதாம் அதற்கு.
கூப்பிட்டால் போதும்.

ஒரு துண்டு நாலு செகண்ட்.
ஹெட்போனில் யார் வீட்டு ஹாலோ திறக்கும்.
"சவுண்ட கொற." கட்டளை.
"கொறன்னு சொன்னேன்ல." அதுவும் கட்டளை.
"ஏய் சனியனே, கொற!"
டிவியையா, பிள்ளையையா?
திரையில் மூன்றே பெட்டிகள்:
கட்டளை. கட்டளை அல்ல. இரைச்சல்.
சந்தேகம் என்று ஒரு பெட்டி கேட்டு
இரண்டு முறை மெயில் போட்டாயிற்று.

இவர்களுக்கெல்லாம் தெரியுமா என்றால், தெரியும்.
கடைக்காரப் பையன் மாட்டிவிட்டுப் போகும் அவசரத்தில்
நாற்பது பக்கச் சம்மதத்தை
அவனே அமுக்கிக் கொடுத்திருப்பான்.

குக்கர் விசில், தண்ணி லாரி ஹாரன்: இரைச்சல்.
ஃபேன் சத்தத்தை வைத்தே
கொடுங்கையூரா கொட்டிவாக்கமா என்று
சொல்லிவிடுவாள் நஸ்ரீன்.
எனக்கு அவ்வளவு காது இல்லை.
பறக்கும் ரயில் ஓரத்து வீடுகள் மட்டும் பிடிபடும்:
வண்டி வரும்போது பேச்சு நிற்கும்,
போனதும்
விட்ட எழுத்திலிருந்தே தொடரும்.

ஜெரோம் சார் போர்டில் வரைந்து காட்டினார்.
அடுத்த மாடல் முகம் பார்க்கும்.
அதற்கடுத்தது மூச்சைக் கேட்டு
நாம் தூங்கியதும் தானே அணையும்.
அதற்கும் அடுத்தது
வாயைத் திறக்கும் முன்பே வேண்டியதைப் போடும்.
"எங்க வீட்டுக்காரர் பதினோரு வருஷமா
இத கத்துக்கல சார்" என்றாள் நஸ்ரீன்.
சிரித்துவிட்டு மார்க்கர் மூடியைத் தேடினார்.

செவ்வாய்க்கிழமை, நானூற்றுப் பன்னிரண்டாவது துண்டு.
விசில் இல்லை, லாரி இல்லை.
ஒரு பெண் குரல்.
வயது சொல்லத் தெரியவில்லை.
"டிவி... இருக்கியா?"
பிறகு எங்கோ ஒரு பல்லி.
நாலு செகண்ட் முடிந்தது.

மறுபடி போட்டேன். மறுபடியும்.
எதையும் போடச் சொல்லவில்லை அவள், நிறுத்தச் சொல்லவில்லை.
கட்டளை அல்ல என்றால்
இனி எந்த வீட்டில் யார் அப்படிக் கேட்டாலும்
அது வாய்மூடி இருக்கப் பழகிவிடும்.
கட்டளை என்றால்
பதில் சொல்லியாக வேண்டும் அது.
என்ன சொல்லும்?
"இருக்கேன்" என்றா?
அந்தச் சொல்லை ஒரு கண்ணாடிப் பலகைக்குக் கொடுக்க
மாதம் பதினெட்டாயிரத்துக்கு நான் யார்?

ஒரு துண்டுக்கு ஒன்பது செகண்ட்தான் அனுமதி.
பதினோரு நிமிடம் ஆகியிருந்தது.
ஷிப்ட் மணி அடித்தது, பெட்டியைத் தொடாமல் எழுந்தேன்.

வேன் துரைப்பாக்கத்தில் இறக்கிவிட்டது.
தவணை இன்னும் ஏழு பாக்கி இருக்கும் எங்கள் டிவி
சுவரில் சிவப்புப் புள்ளியோடு விழித்திருந்தது.
சோறு போட்டு உட்கார்ந்தேன்.
புள்ளி போயிற்று. ஃபேன் போயிற்று. தெருவே போயிற்று.

இருட்டில் எதிர் பால்கனியிலிருந்து
தாட்சாயணி குரல்:
"உங்க வீட்லயும் போச்சா?"
"போச்சு."
"ஒரு ஃபேஸா, மொத்தமாவா?"
மேல்மாடியிலிருந்து யாரோ: "மொத்தமா!"
கீழே ஒருவர்: "ட்ரான்ஸ்ஃபார்மர்ல டமார்னு கேட்டுச்சே,
உங்களுக்குக் கேக்கல?"
கேட்டது, கேட்கவில்லை என்று
ஆறேழு வீடுகள் பேசின.
முகம் தெரியாத ஒரு பிள்ளை
சும்மாவே "ஓ...!" என்று கத்தியது.
எதிர்வரிசையிலிருந்து இன்னொன்று "ஓ...!" என்றது.

கை காய்ந்துபோக
கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தேன்.

இருபது நிமிடத்தில் வந்துவிட்டது.
தெரு முழுக்க டிவிகள் ஒன்றன்பின் ஒன்றாக
தங்கள் விழிப்பு மணியை அடித்தன.
கதவுகள் சாத்திக்கொண்டன.

நாளைக்குக் காலை ஷிப்ட்.
நானூற்றுப் பன்னிரண்டு
அப்படியே திறந்து கிடக்கும்.